மைசூர் அரண்மனையின் பின்கட்டு

ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணி. மைசூர் அரண்மனை மைதானத்தில் நிற்கிற கூட்டம் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. சட்டென்று விளக்குகள் எரிகின்றன. கோபுரம், வளைவுகள், மாடங்கள், வாசல்கள் எல்லாம் பொன் கோடுகளாகத் தெரிகின்றன. குழந்தைகள் கத்துகிறார்கள். பெரியவர்களும்தான். 97 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல்புகள் அவை. விடுமுறை நாள்களிலும் தசரா நாள்களிலும் இதே காட்சி உண்டு.

இத்தனை பல்புகள் இருந்தால் அவற்றில் நிறைய கெட்டுப்போகும். மழையில் போகும், குரங்கு பிடித்து இழுத்துப் போகும், வயதாகியும் போகும். ஒவ்வொரு தசராவுக்கு முன்பும் மின்பணியாளர்கள் மாடம் மாடமாக ஏறி, ஆயிரக்கணக்கில் பழைய பல்புகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டுகிறார்கள். 145 அடி உயரக் கோபுரத்தின் விளிம்பில் நின்று செய்கிற வேலை இது. கீழே கைதட்டுகிற நமக்கு அவர்கள் முகம் தெரியாது.

அரண்மனைகளைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி முகப்பைப் பற்றியது. எந்த ராஜா கட்டினார், எத்தனை கிலோ தங்கம், எந்த நாட்டுக் கண்ணாடி என்பதோடு நின்றுவிடும். ஆனால் இவ்வளவு பெரிய வீட்டை ஒரு நாள் நடத்துவதற்குக்கூட ஒரு பின்கட்டு வேண்டும். சமையல், கொட்டில், லாயம், பட்டறை, கணக்கு, கருவூலம், விளக்கு, தண்ணீர், பாட்டு என்று அது நீளும். மைசூரின் உண்மையான வரலாறு அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது நிற்கும் கட்டடம் பழையதல்ல. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, ஐந்து வயதுச் சிறுவனான மும்மடி கிருஷ்ணராஜ உடையாரை ஆங்கிலேயர் அரியணையில் உட்கார வைத்தார்கள். அப்போது மைசூரில் அரண்மனை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. பழைய கோட்டையைத் திப்பு இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு பக்கத்தில் நஜர்பாத் என்று புதிதாக ஒன்றைக் கட்டத் தொடங்கியிருந்தார். சிறுவனுக்காக அவசரமாக எழுந்தது ஒரு மர அரண்மனை. அது 90 வருடங்களுக்கு மேல் நின்றது. 1897 பிப்ரவரி இறுதியில், இளவரசி ஜெயலட்சம்மண்ணியின் திருமணக் கொண்டாட்டத்தின்போது தீப்பிடித்தது. மரம், துணிப் பந்தல், எண்ணெய் விளக்கு மூன்றும் ஒன்றாக இருந்த இடம். வீட்டின் பெரும்பகுதி போயிற்று.

அரசர் பத்தாம் சாமராஜ உடையார் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கல்கத்தாவில் தொண்டை அடைப்பான் நோயில் இறந்திருந்தார். மகன் நால்வடி கிருஷ்ணராஜ உடையாருக்கோ பதின்மூன்று வயதுகூட நிறையவில்லை. ஆட்சிப் பொறுப்பு மகாராணி வாணி விலாச சந்நிதானத்திடம் இருந்தது. கணவரை இழந்து, வீட்டையும் இழந்து நின்ற அந்த அம்மாள், குடும்பத்தை ஜகன்மோகன் அரண்மனைக்கு மாற்றிவிட்டு, அதே ஆண்டு அக்டோபரில் புதிய கட்டட வேலையைத் தொடங்க வைத்தார். மைசூரின் இன்றைய அடையாளம் அவர் எடுத்த முடிவு. சுற்றுலா வழிகாட்டிகள் அவரை ஒரே வரியில் கடந்துபோவது எனக்கு எப்போதும் வருத்தமாக இருக்கும்.

வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். சென்னைக்காரர்களுக்கு அவர் அந்நியர் அல்ல. உயர் நீதிமன்றக் கட்டடத்தை 1892இல் முடித்துக் கொடுத்தவர், கன்னிமாரா நூலகத்தையும் எழும்பூர் ரயில் நிலையத்தையும் வடிவமைத்தவர். சிம்லாவின் வைசிராய் மாளிகையும் அவர் கைவேலைதான். ஆனால் வரைபடம் மட்டும் வீடாகிவிடாது. பதினைந்து ஆண்டுகள் தளத்தில் நின்று கட்டி முடித்தவர் பி.பி. ராகவுலு நாயுடு. அரண்மனைப் பிரிவின் நிர்வாகப் பொறியாளர். டில்லி, சென்னை, கல்கத்தா என்று போய், அங்குள்ள கட்டடங்களை ஆராய்ந்து குறிப்பெடுத்து வந்து, அவற்றை மைசூரில் பயன்படுத்தியவர். இர்வின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நாயுடுவின் பெயரைத் தேடினால்தான் கிடைக்கும். 1912இல் வேலை முடிந்தபோது ஆன செலவு 41,47,913 ரூபாய். கடைசி மூன்று ரூபாய் வரைக்கும் கணக்கு எழுதிய ஒரு குமாஸ்தாவும் அந்தப் பின்கட்டில் இருந்திருக்கிறார்.

ஒரு தடவை சுட்டுக்கொண்ட குடும்பம் என்பது கட்டடத்தில் தெரிகிறது. மரத்துக்குப் பதில் சாம்பல் நிறக் கருங்கல், செங்கல், இரும்பு. எண்கோண வடிவக் கல்யாண மண்டபத்தில் நின்று மேலே பார்த்தால் மயில்கள் விரிந்த வண்ணக் கண்ணாடிக் கூரை. எல்லோரும் மயிலைப் பார்த்துக் கழுத்து வலிக்க நிற்பார்கள். கொஞ்சம் பார்வையைத் தாழ்த்தித் தூண்களைப் பார்க்க வேண்டும். மூன்று மூன்றாகச் சேர்ந்து நிற்கும் அந்த மெல்லிய தூண்கள் கல் அல்ல, வார்ப்பிரும்பு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வால்டர் மக்ஃபார்லேன் நிறுவனத்தின் சாரசென் வார்ப்பாலையில் செய்து கப்பலேற்றியவை. அதே வார்ப்பாலை உலகெங்கும் பூங்கா மண்டபங்களுக்கும் நீரூற்றுகளுக்கும் இரும்பு வார்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடியும் கிளாஸ்கோவிலிருந்து வந்ததுதான். மயிலின் வடிவத்தை மட்டும் வரைந்து கொடுத்தவர்கள் மைசூர் ஓவியர்கள்.

முதலில் பார்த்த அந்த விளக்குகளுக்கு வருவோம். 1902 ஜூன் 30 அன்று சிவனசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து எடுத்த மின்சாரம், 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடிக் கோலார் தங்கவயலை அடைந்தது. அன்றைய உலகத்தில் அவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கொண்டுபோன கம்பி மிக அரிது. திட்டத்துக்குப் பின்னால் இருந்த திவான், பாலக்காட்டுக்காரரான சேஷாத்ரி ஐயர். விளக்கெரிவதைப் பார்க்க அவர் இல்லை, 1901இல் காலமாகிவிட்டார். பெங்களூருக்கு 1905இலும் மைசூருக்கு 1908இலும் மின்சாரம் வந்தது. அரண்மனையில் கொத்தனார்கள் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

வரிசையைக் கவனியுங்கள். முதல் மின்சாரம் அரண்மனைக்குப் போகவில்லை, சுரங்கத்துக்குப் போனது. காரணம், தங்கம். கோலாரின் ராயல்ட்டி மைசூர் கஜானாவுக்கு முக்கியமான வருவாய். அந்தச் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். பாறைத்தூளைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுச் செத்தவர்கள் அவர்களில் ஏராளம். மைசூர் சமஸ்தானத்தின் செழிப்பைப் பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேசினால் அது முழுமையாகாது. அரண்மனையின் பின்கட்டு கோட்டைச் சுவரோடு முடியவில்லை. அது கோலார் தொழிலாளர்களின் லயன் வீடுகள் வரைக்கும் நீண்டிருந்தது.

உள்ளே போவோம். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று உள்ளே போகப்போக ஆட்களும் வேலையும் மாறுவதுபோல, மைசூர் அரண்மனையும் முற்றம் முற்றமாக மாறும். கன்னடத்தில் இவற்றைத் 'தொட்டி' என்பார்கள். கொலு பொம்மைகள் வைக்கும் பொம்பெ தொட்டியில் சுற்றுலாப் பயணி நுழைகிறார். வெளியே பொது தர்பார் மண்டபம், அது ஊருக்கானது. உள்ளே அம்பாவிலாசம், அது ராஜாவின் அந்தரங்க தர்பார். ரோஸ்வுட் கதவில் தந்தம் பதித்த வேலையை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். பெண்களுக்குத் தர்பாரில் இடம் இல்லை. மேல்மாடத்தில் மறைப்புக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். எல்லாம் தெரியும், ஆனால் அவர்களை யாருக்கும் தெரியாது. ஆட்சியையே ஏழு வருடம் நடத்திய ஒரு பெண் வாழ்ந்த வீட்டின் ஏற்பாடு இது! இன்னும் பின்னால் கரிகல் தொட்டி. அங்கே குடும்பம் புழங்கிய பகுதியில் தனி அருங்காட்சியகம் இருக்கிறது. கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

மைசூர் அரசர்களின் சமையலறைத் தேவை ஒரு மாட்டினத்தையே உண்டாக்கியது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட சிக்கதேவராஜ உடையார் நிர்வாகத்தைத் துறை துறையாகப் பிரித்தவர். அவர் வைத்த துறைகளில் ஒன்று 'பெண்ணெ சாவடி'. வெண்ணெய்ச் சாவடி என்று பொருள். அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் கொடுப்பதற்காக மாடுகளைத் தேர்ந்து, மேய்ச்சல் காடுகளை ஒதுக்கிப் பெருக்கினார்கள். பசு பால் கொடுத்தது, காளை வண்டி இழுத்தது. ஹைதர் அலி காலத்தில் அந்தக் காளைகள் பீரங்கி இழுத்தன. சிதம்பரத்தைக் காக்க ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் படை நடத்தி வந்தது இந்தக் காளைகளின் பலத்தால்தான் என்று கால்நடை நூல்களில் பதிவாகியிருக்கிறது. திப்பு துறையின் பெயரை 'அம்ருத் மஹால்' என்று மாற்றினார். இன்றும் அந்த இனத்துக்கு அதுதான் பெயர். அரண்மனையின் வெண்ணெய்க் கணக்கு, தமிழ்நாட்டின் போர்க்களம் வரை வந்த கதை இது.

மைசூர்பாகும் இந்தச் சமையலறையிலிருந்து வந்தது என்பதுதான் மைசூர்க்காரர்களின் நம்பிக்கை. அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா, கடலை மாவும் நெய்யும் சர்க்கரையும் கொண்டு நால்வடி கிருஷ்ணராஜ உடையாருக்காகச் செய்தது என்பார்கள். அவர் பரம்பரையினர் நடத்தும் கடை தேவராஜ மார்க்கெட் பக்கம் இன்னும் இருக்கிறது. மைசூர் பட்டும் அப்படித்தான். சுவிட்சர்லாந்திலிருந்து தறிகளை வரவழைத்து 1912இல் தொடங்கிய நெசவு ஆலை, முதலில் அரச குடும்பத்தின் தேவைக்காக நெய்தது. பிறகுதான் ஊருக்கு.

சம்பளப் பட்டியலில் சமையல்காரரும் குதிரைக்காரரும் மட்டும் இல்லை. வித்வான்களும் இருந்தார்கள். நெல்லைச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் 1920களின் பிற்பகுதியில் ஆஸ்தான வித்வானாகி, சாமுண்டேஸ்வரியின் 108 நாமங்களுக்கும் கீர்த்தனை செய்தார். கர்நாடக வாத்தியக் குழு ஒரு பக்கம், மேற்கத்திய பேண்டு ஒரு பக்கம் என்று அரண்மனை இரண்டையும் வைத்திருந்தது. ஜகன்மோகன் அரண்மனையின் ஓர் அறையில் 1933இல் தி. கிருஷ்ணமாச்சார்யாவுக்கு யோகசாலை வைத்துக் கொடுத்தார்கள். அங்கே படித்த பையன்களில் இருவர் பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும். இன்று நியூயார்க்கிலும் லண்டனிலும் காலை ஆறு மணிக்குப் பாய் விரிக்கிறவர்களுக்கு, அந்த மூச்சின் ஆரம்பம் மைசூர் அரண்மனையின் செலவுக் கணக்கில் ஒரு வரி என்பது தெரியாது. சமஸ்தானம் போனதும் அந்தச் செலவு நின்றது. 1950இல் யோகசாலையை மூடினார்கள். கிருஷ்ணமாச்சார்யா பிறகு சென்னைக்கு வந்து கடைசிவரை இங்கேயே இருந்தார்.

இங்கிலாந்தின் பிரபுக்கள் கிராமப்புறத்தில் கட்டிக்கொண்ட மாளிகைகளைப்போல ஒன்று மைசூரில் உண்டென்றால் அது லலித மஹால்தான். 1921இல் அடிக்கல் போட்டு, இ.டபிள்யூ. ஃபிரிட்ச்லி வடிவமைக்க, சாமுண்டி மலை அடிவாரத்தில் எழுந்த வெள்ளை மாளிகை. நடுக் கவிகை லண்டன் புனித பால் தேவாலயத்தைப் பார்த்துச் செய்தது. வைசிராய் வந்தால் தங்குவதற்கென்று கட்டியது. அரச குடும்பம் சைவம், ஐரோப்பிய விருந்தினரின் சாப்பாட்டுக்குத் தனி வீடு தேவைப்பட்டது என்பது மைசூரில் எல்லோரும் சொல்லும் காரணம். விருந்தாளியை மரியாதையோடு உபசரிக்க வேண்டும், அதே சமயம் நம் அடுப்பங்கரைக்கு வெளியே வைத்து உபசரிக்க வேண்டும். இந்தச் சங்கடம் தமிழ் வீடுகளுக்கும் தெரிந்ததுதான். பளிங்குப் படிக்கட்டு, நடன மண்டபம், இரும்புக் கிராதி போட்ட பழைய லிஃப்ட் எல்லாம் அங்கே உண்டு. 1974இல் அது ஹோட்டலானது. கோடைக்கு ஊட்டியில் ஃபெர்ன்ஹில் மாளிகை இருந்தது. 1873இல் அது மைசூர் குடும்பத்தின் கைக்கு வந்தது. குடும்பம் அங்கே கிளம்பினால், பின்கட்டில் பாதியும் மலையேற வேண்டியிருந்தது.

1971இல் மன்னர் மானியத்தை அரசியல் சட்டத் திருத்தம் ஒழித்தது. மைசூருக்குக் கிடைத்துவந்தது ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய், சமஸ்தானங்களில் மிகப் பெரிய தொகைகளில் ஒன்று. தசரா ஊர்வலத்தில் யானைமேல் ராஜா உட்கார்ந்து வந்த தங்க அம்பாரியில் சாமுண்டேஸ்வரி எழுந்தருளத் தொடங்கினாள். தசரா அரசு விழாவானது. அரண்மனையை அரசே எடுத்துக்கொள்ள 1998இல் கர்நாடகம் சட்டம் இயற்றியது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. உரிமை யாருடையது என்ற சண்டை ஒரு பக்கம் நடக்க, வேலை ஒரு நாளும் நிற்கவில்லை.

அந்த வேலையை இன்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் தசராவுக்கு ஒரு மாதம் முன்பு போக வேண்டும். நாகரஹொளே, பந்திப்பூர் காட்டு முகாம்களிலிருந்து யானைகள் வந்திருக்கும். பாகன்களும் அவர்களுக்கு உதவும் 'காவடி'களும் குடும்பத்தோடு அரண்மனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். பலர் ஜேனு குறும்பப் பழங்குடியினர். பிள்ளைகளின் படிப்பு கெடக் கூடாதென்று அங்கேயே கூடாரப் பள்ளி நடக்கிறது. தேங்காய், வெல்லம், வேர்க்கடலை, நெல் வைத்து வைக்கோலில் சுருட்டிய உருண்டையைப் பாகன் யானையின் வாய்க்குள் கை விட்டு ஊட்டுகிறார். பிறகு ஒத்திகை. யானையின் முதுகில் 'நம்தா' என்கிற திண்டை விரித்து, அதன்மேல் மெத்தை வைத்து, வயிற்றைச் சுற்றிச் சணல் கயிற்றால் இறுக்குவார்கள். கயிறு தளர்ந்தால் அம்பாரி சாயும், அதிகம் இறுகினால் தோல் அறுபடும். அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும். முதலில் மணல் மூட்டை, பிறகு மர அம்பாரி, விஜயதசமி அன்று 750 கிலோ தங்க அம்பாரி. அதைச் சுமந்துகொண்டு பன்னிமண்டபம் வரை ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். 21 குண்டு மரியாதைக்கு யானை மிரளக் கூடாது என்பதற்காக, அதன் முன்னால் பீரங்கி வெடித்துப் பழக்குகிறார்கள்.

எட்டு முறை அம்பாரி சுமந்த அர்ஜுனா, 2023 டிசம்பரில் காட்டு யானையைப் பிடிக்கும் பணியில் ஒற்றை யானையோடு மோதி இறந்தான். ஓய்வு பெற்ற யானையை அந்த வேலைக்கு அனுப்பியிருக்கக் கூடாது என்று மைசூரே கொதித்தது. அந்தக் கோபம் நியாயமானது.

சிம்மாசனத்துக்கும் ஒரு பின்கட்டு இருக்கிறது. ஆண்டு முழுவதும் அது துண்டு துண்டாகக் கருவூலத்தில் பூட்டியிருக்கும். நவராத்திரிக்குச் சில நாள் முன்பு, ஹோமங்கள் முடிந்ததும், பக்கத்திலுள்ள கெஜ்ஜகள்ளி கிராமத்தினர் வந்து, காவல் சூழ, அம்பாவிலாசத்தில் அதைப் பொருத்துகிறார்கள். அந்த நேரத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. கண்காணிப்பு கேமராக்களைத் துணியால் மூடிவிடுவார்கள். சிங்கத்தலையை மட்டும் நவராத்திரியின் முதல் நாள் நல்ல நேரம் பார்த்து மாட்டுவார்கள். ராஜாவின் இருக்கையை எப்படிச் சேர்ப்பது என்பது ராஜாவைவிட இந்தக் கிராமத்தாருக்கு நன்றாகத் தெரியும்.

பின்கட்டு மனிதர்களை மறக்காத வீடும் உண்டு. வேல்ஸில் ரெக்ஸம் அருகே எர்டிக் என்றொரு மாளிகை இருக்கிறது. அதன் உரிமையாளர்களான யார்க் குடும்பத்தினர், பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே தங்கள் வேலைக்காரர்களைப் படமாக வரைந்து, ஒவ்வொருவரைப் பற்றியும் பாட்டெழுதி மாட்டி வைத்தார்கள். தச்சர், கருமான், சமையல்காரி, காட்டுக் காவலர் எல்லோருக்கும் முகமும் பெயரும் உண்டு. 1973இல் பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் அந்த வீட்டை ஏற்றபோது, பார்வையாளர்களைப் பட்டறைகளும் லாயமும் இருக்கும் பின்பக்கமாகவே உள்ளே அழைத்துப் போக முடிவு செய்தது. பிரபு குடும்பத்தின் பெருமை அதனால் ஒன்றும் குறையவில்லை.

மைசூரில் அந்த முகங்கள் ஏற்கெனவே சுவரில் இருக்கின்றன. கல்யாண மண்டபத்தைச் சுற்றி, தசரா ஊர்வலத்தைக் காட்டும் 26 பெரிய ஓவியங்கள். கற்பனையாக வரைந்தவை அல்ல. புகைப்படங்களைப் பார்த்து மைசூர் ஓவியர்கள் தீட்டியவை. பேண்டுக்காரர், குதிரைக்காரர், கொடி பிடிப்பவர், பாகன், சிப்பாய், கூட்டத்தில் எட்டிப் பார்ப்பவர் என ஒவ்வொருவரும் நிஜ மனிதர்கள். அரண்மனை ஆவணங்களும் பத்திரமாக இருக்கின்றன. இசைக்கலைஞர்கள், நடிகர்கள், ஓவியர்கள் பற்றிய பதிவுகளைத் தேர்ந்து மைசூர் ஆவணக் காப்பகம் 1993இல் ஒரு தொகுதியாக வெளியிட்டது. சமையல்காரருக்கும், பாகனுக்கும், கொத்தனாருக்கும், விளக்கு மாட்டியவருக்கும் அப்படி ஒரு தொகுதி வர வேண்டும். அந்த ஓவியங்களுக்குக் கீழே, கண்டுபிடிக்க முடிந்தவரையில் பெயர்ப் பலகைகள் வர வேண்டும். ராகவுலு நாயுடுவின் பெயரும் வாணி விலாச சந்நிதானத்தின் பெயரும் நுழைவாயிலிலேயே இருக்க வேண்டும். அரண்மனை வாரியத்துக்கு இது பெரிய செலவில்லை. அடுத்த தசராவுக்குள் தொடங்கலாம்.